தேரையும் எட்னா அத்தையும்

என் தங்கை ஜனெல்லைக் கட்டிக்கொண்டவன் லைல் ஹோஸ்டெட்லர். மொன்டானாவின் கிழக்குக் கோடியில் சேஜ் ஃபோர்க் என்கிற எங்கள் ஊரில், தானியக் கிடங்குக்கு வரும் லாரிகளை எடை போடுகிற வேலை அவனுக்கு. அதிகம் பேசமாட்டான். பேசினால் மழையைப் பற்றிப் பேசுவான், டீசலைப் பற்றிப் பேசுவான், இல்லாவிட்டால் தேரையைப் பற்றி.

தேரை என்பது அவன் வைத்திருந்த துப்பாக்கி. மான் வேட்டைக்கென்று நல்ல ரைஃபிள் இரண்டு அவனிடம் உண்டு. அவை அலமாரியில் பூட்டிக் கிடக்கும், எண்ணெய் போடக்கூட ஜனெல் ஞாபகப்படுத்த வேண்டும். தேரைக்கு மட்டும் சமையலறையில் இடம். காப்பி குடிக்கும்போது அதை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பான்.

முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அதைத் துப்பாக்கி என்று நினைக்கமாட்டார்கள். வேலிக்கம்பி முறுக்குகிற சாமான் என்பார்கள், அல்லது மாட்டுக்கு மருந்து புகட்டும் குழாய் என்பார்கள். அடியில் இருப்பது பழைய மலிவு விலை ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, அணில் சுடுகிற சின்ன ரகம். ஆனால் தோளில் பதிகிற இடத்தில் கட்டைக்குப் பதிலாக மண்வாரியின் கைப்பிடி. அதன்மேல் தீயணைப்புக் குழாயின் துணி சுற்றியிருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டைப் பிடித்து இழுக்க வெள்ளைப் பீங்கான் கதவுக் குமிழ். குறி பார்க்க ஒரு கதவுக் கீலின் பாதி. குமிழைத் தவிர எல்லாவற்றின்மேலும் டிராக்டருக்கு அடிக்கிற பச்சை பெயின்ட், அடுக்கடுக்காக, திப்பிதிப்பியாக.

"இது எப்படி மாப்ளே சுடும்?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டேன்.

"இடது பக்கமா, கொஞ்சம் கீழ சுடும் மச்சான். பழகிட்டா ஒண்ணும் தெரியாது" என்றான்.

அவனுடைய அப்பா எம்மெட் அதைச் செய்து கொடுத்தாராம். லைலுக்கு ஏழு வயது அப்போது. எம்மெட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கோதுமை விவசாயி. சர்ச் விருந்தில் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிக்கும்போதுகூட தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து இந்தக் கோமாளித்தனத்தைச் செய்து, மகன் கையில் கொடுத்து, "உனக்குன்னு செஞ்சேன். இது மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே கிடையாது" என்று சொன்னாராம். வாழ்நாளில் அவர் லைலிடம் அன்பாகச் சொன்னது என்று கணக்கெடுத்தால் அந்த ஒரு பேச்சுதான் தேறும். லைல் இதை நேராகச் சொன்னதில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது அவன் குரல் இறங்குவதை வைத்து நானாகப் புரிந்துகொண்டது.

எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில், மான் வேட்டை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, அவலட்சணத் துப்பாக்கிப் போட்டி நடக்கும். அவரவர் வீட்டில் இருப்பதிலேயே விகாரமானதை எடுத்துவந்து நீள மேசையில் பரப்ப வேண்டும். டென்னி ப்ரூயிட் முயல்தோல் ஒட்டிய கைத்துப்பாக்கி கொண்டுவருவான். இன்னொருவர் பல்வலிக்காரன் முகம்போல் ஒரு பக்கம் வீங்கிய இரட்டைக்குழல் கொண்டுவருவார். வெளியூர்க்காரன் யாராவது பார்த்துச் சிரித்தால் நாங்களும் சேர்ந்து சிரிப்போம். ஆனால் அதைத் தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டால் ஆகாது. உரிமையாளர் முகம் மாறிவிடும். வருஷா வருஷம் தேரைதான் ஜெயிக்கும். கழகத் தலைவி ஓப்பல் டிரையர் மற்றவற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி லைல், வந்து வாங்கிக்கோ" என்பாள்.

அந்த வருஷம் மேசையில் எல்லாம் பரப்பி முடித்த பிறகு, வடக்கு டகோட்டா நம்பர் பலகையோடு ஒரு பிக்அப் வண்டி வந்து நின்றது. அறுபதைத் தாண்டிய பெண் ஒருத்தி இறங்கினாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, பெரிய மூக்கு, ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. பெயர் ராபர்ட்டா ஸ்கார் என்றாள். எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவளாம். இப்படி ஒரு போட்டி நடப்பதைக் கேள்விப்பட்டு வந்தாளாம்.

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. எட்னா அத்தைன்னு பேரு. எங்க அத்தை எட்னா இப்படித்தான் பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு, மூக்கு நுனியில வெள்ளையா பவுடர் அப்பிக்கிட்டு வருவாங்க" என்று சொல்லிக்கொண்டே போர்வையைப் பிரித்தாள்.

எல்லோரும் மேசையை நெருங்கி வந்தார்கள்.

மண்வாரிக் கைப்பிடி, குழாய்த் துணி, பீங்கான் குமிழ், பாதிக் கீல், டிராக்டர் பச்சை. ராபர்ட்டா அதை மேசையில் வைக்கக் குனிந்தவள், தேரையைப் பார்த்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள், யாரோ தன்னை வைத்து விளையாடுகிறார்கள் என்பதுபோல.

"என்னோடதைப் பார்த்து இதை யாருங்க செஞ்சது?" என்றாள்.

"எங்கப்பா செஞ்சது" என்றான் லைல். "நீங்க எங்க வாங்குனீங்க?"

"நான் எதுக்கு வாங்குறேன்? எங்கப்பா ஹால்வர் செஞ்சது. எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்த வருஷம் எனக்காகச் செஞ்சார். உலகத்துலயே இது ஒண்ணுதான்னு சொல்லிக் கொடுத்தார்."

லைல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

டென்னிக்கு நாக்கு சும்மா இருக்காது. "டேய் லைல், உங்கப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம் மாடு வாங்க அடிக்கடி போவார்ல? மாடு மட்டும்தான் வாங்கினாரான்னு இப்ப சந்தேகமா இருக்குடா. அக்கா வந்திருக்காங்க பாரு, கும்பிட்டுக்கோ."

லைலின் கழுத்து சிவந்தது. ராபர்ட்டா முந்திக்கொண்டாள். "தம்பி, இந்த மூக்கைப் பாரு. இது ஸ்கார் குடும்பத்து மூக்கு. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, அவங்கப்பாவுக்கு இருந்துச்சு. இதை வேற எவனும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது. நீ போய் உன் முயலுக்குத் தலை சீவி விடு."

கூட்டம் சிரித்தது. லைல் சிரிக்கவில்லை. அவன் இரண்டு துப்பாக்கிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் அது சொல்லிவிட்டு வருவதில்லை. கூழாங்கல் அளவில் விழுந்தது. ஆளுக்கொன்றாகத் துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு கழகக் கட்டடத்துக்குள் ஓடினோம். லைலும் ராபர்ட்டாவும் திகைத்து நின்றதில், பச்சை இரண்டையும் டென்னிதான் விறகு அள்ளுவதுபோல் சேர்த்து அணைத்துத் தூக்கிவந்து உள்ளே பெஞ்சில் போட்டான்.

தலையைத் துவட்டிக்கொண்டே லைல் ஒன்றை எடுத்தான்.

"அது எட்னா" என்றாள் ராபர்ட்டா.

"இல்லைங்க, இது தேரை."

"குமிழ்ல சின்னதா உடைஞ்சிருக்கா பாருங்க. நான் பஸ் படியில தவறவிட்டது."

லைல் பார்த்தான். உடைந்திருந்தது. மற்றதை எடுத்துப் பார்த்தான். அதிலும் உடைந்திருந்தது. "இது என் கையிலேர்ந்து ஒரு தடவை விழுந்துச்சு..." என்று ஆரம்பித்தவன், எந்தக் கையில் இருப்பதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் நிறுத்திவிட்டான்.

"நம்பர் இருக்கும்ல?" என்று கேட்டாள் ஜனெல். இல்லை. துப்பாக்கிக்கெல்லாம் நம்பர் வேண்டும் என்று 1968-இல் சட்டம் வருவதற்கு முந்தைய மலிவுத் துப்பாக்கிகள் பலவற்றில் நம்பர் அடிக்கிற வழக்கமே கிடையாது.

"வேற அடையாளம்?"

"அடையாளம் எதுக்கு வைக்கப்போறேன்?" என்றான் லைல். "இது மாதிரி வேற இல்லைன்னு நெனச்சேன்."

ராபர்ட்டா தலையாட்டினாள். அவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். பெயின்ட் உதிரும்போதெல்லாம் இரண்டு பேருமே அதே பச்சையை வாங்கி மேலே மேலே பூசியிருக்கிறார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டாலும் எனக்குத் தெரியும்" என்றான் லைல் கொஞ்சம் ரோஷமாக. ஜனெல் உடனே கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்து அவன் கண்ணைக் கட்டினாள். நான் ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். கைப்பிடியைத் தோளில் வைத்தான், துணியை முகர்ந்தான், குமிழை இழுத்துத் தள்ளினான்.

"இதான் தேரை. சத்தியமா."

மற்றதைக் கொடுத்தேன். "இது இல்ல" என்றான். இரண்டையும் பின்னால் கொண்டுபோய் மாற்றிவிட்டு மறுபடி கொடுத்தேன். முன்பு இல்லை என்று சொன்னதை இப்போது கட்டி அணைத்துக்கொண்டு, "இதான்" என்றான். மூன்றாம் முறை கண்கட்டை அவனே அவிழ்த்துவிட்டான். ராபர்ட்டாவின் முறை வந்தபோது அவள் கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்தாள். "வேணாம். எனக்கும் இதே கதிதான் ஆகும்" என்றாள்.

அங்கேயே விட்டிருந்தால் அவரவர் துப்பாக்கி அவரவரிடம் போய்ச்சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும். டென்னி விடவில்லை. "கழட்டிப் பாருங்கப்பா. உள்ள எங்கயாவது பேரு கீரு செதுக்கியிருப்பாங்க" என்றான். செதுக்கியிருக்கலாம் என்று எங்களுக்கும் தோன்றியது. பெஞ்சில் துண்டு விரித்து, போல்ட்டுகளை உருவி, திருகுகளைக் கழற்றி, குழல்களைக் கைப்பிடியிலிருந்து பிரித்தோம். டார்ச் அடித்துப் பார்த்தோம். பெயர் இல்லை, தேதி இல்லை, துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும். பார்த்து முடித்து நிமிர்ந்தபோது டென்னி உதவி செய்கிறேன் என்று எல்லா உறுப்புகளையும் ஒரே துணியில் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். குமிழ்கள் ஒரு பக்கம். குழல்கள் ஒரு பக்கம். கைப்பிடிகள் ஒரு பக்கம்.

"எது எதோடது டென்னி?" என்றேன்.

"எனக்கென்னப்பா தெரியும்? அவங்களுக்கே தெரியல!"

எந்தக் குமிழும் எந்தக் குழலிலும் இடறாமல் போய் உட்கார்ந்தது. எந்தத் திருகும் எந்த ஓட்டையிலும் ஏறியது. கைக்கு வந்ததை வைத்து இரண்டாகப் பூட்டினோம். இப்போது மேசையில் இருந்தது தேரையும் இல்லை, எட்னாவும் இல்லை.

மழை விட்டதும் சுட்டுப் பார்த்தார்கள். வெள்ளைக் கற்களாக ஆலங்கட்டி கிடந்த புல்லில் நின்று லைல் ஒன்றைச் சுட்டான், ராபர்ட்டா ஒன்றைச் சுட்டாள், பிறகு மாற்றிக்கொண்டார்கள். எல்லாக் குண்டும் இடது பக்கம், கொஞ்சம் கீழே.

"எட்னா இப்படித்தான் சுடுவா" என்றாள் ராபர்ட்டா.

"தேரையும்தான்" என்றான் லைல்.

ஓப்பல் டிரையருக்கு வேறு கவலை. பரிசை யாருக்குக் கொடுப்பது? ஒரே மாதிரி இரண்டு இருந்தால் அதை விசித்திரம் என்று எப்படிச் சொல்வது என்று அவளாகவே கேட்டுக்கொண்டு, கடைசியில் முயல்தோலுக்குக் கொடுத்துவிட்டாள். இத்தனை வருஷம் அதற்காக ஏங்கிய டென்னி பரிசை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இப்படி ஜெயிச்சா ஜெயிச்ச மாதிரியே இல்லடா லைல். நீ ஏதாவது சொல்லேன். ஏமாத்திட்டாங்கன்னு சண்டையாவது போடு."

ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு பிரிந்தார்கள். போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.

அந்த வாரம் லைல் சாப்பிடும்போது பேசவே இல்லை என்று ஜனெல் எனக்குப் போன் செய்தாள். துப்பாக்கியைச் சமையலறை ஆணியில் மாட்டவும் இல்லை, அலமாரியில் வைக்கவும் இல்லை, சாய்வு நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்த்தி வைத்திருக்கிறான் என்றாள். நான் போனேன்.

"மச்சான், எங்கப்பா பொய் சொல்ற ஆளா?" என்றான்.

"எம்மெட் உண்மையையே அளந்துதான் பேசுவார். பொய் எங்க சொல்லப்போறார்?"

"அதான் எனக்கும் தோணுது. அப்ப அந்தம்மாவோட அப்பா பொய் சொன்னாரா? அவரை நான் பார்த்ததே இல்லை. அவரைப் பொய்யன்னு எப்படிச் சொல்றது? அந்தம்மா அவரைப் பத்திப் பேசும்போது முகத்தைப் பார்த்தீங்களா?"

பார்த்திருந்தேன். லைல் தேரைக் கதையைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

கேட்கக்கூடிய ஆள் ஒருத்திதான் உயிரோடு இருந்தாள், லைலின் அம்மா வெர்னா. ஊரிலேயே முதியோர் இல்லத்தில் இருந்தாள். காது மந்தம், மற்றபடி அறிவு தெளிவு. சீட்டாட்டத்தில் இன்னும் எல்லோரையும் தோற்கடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நானும் லைலும் போனோம். ராபர்ட்டாவும் அதற்காகவே வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். துப்பாக்கியை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் லைல் போனில் படம் காட்டினான்.

"இந்தச் சனியனா?" என்றாள் வெர்னா. "இன்னுமா வெச்சிருக்க?"

"அம்மா, இதை அப்பாதானே செஞ்சார்?"

"அப்படித்தான் சொன்னார்."

"நீ பார்த்தியா?"

"அந்தக் குளிர்காலம் பூரா கொட்டகையில டங்கு டங்குன்னு தட்டிக்கிட்டிருந்தார். நான் உள்ள போகல. எனக்கு ரொட்டி சுடுற வேலை, உன் தங்கச்சிக்குச் சளி."

லைல் மூச்சு விட்டான். ராபர்ட்டாவின் முகம் சுருங்கியது.

"அப்புறம் பனி உருகினதும் ஒருத்தன் பிக்அப்புல வந்தான்" என்று வெர்னா தொடர்ந்தாள். "வண்டி பின்னால இது மாதிரி பச்சை பச்சையா கிடந்துச்சு. ஜன்னல் வழியாப் பார்த்தேன். உங்கப்பா அவன்கூட நின்னு பேசிக்கிட்டிருந்தார். அப்புறம் உள்ள வந்தார், கையில இது. 'என்னங்க இது'ன்னேன். 'நான் செஞ்சது'ன்னார். 'எப்ப'ன்னேன். 'இப்பத்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த மனுஷன் ஜோக் அடிச்சாரா இல்லையான்னு எனக்கு அன்னிக்கும் தெரியல, இன்னிக்கும் தெரியல."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்தத் துப்பாக்கியெல்லாம் வண்டியிலேர்ந்து இறங்குச்சா, வண்டியில ஏறுச்சா?"

"என்னது?"

லைல் அவள் காதருகே போய் உரக்கக் கேட்டான். "அவன் நமக்குக் கொண்டுவந்தானா, நம்மகிட்டேர்ந்து எடுத்துட்டுப் போனானா?"

வெர்னா போனில் இருந்த படத்தை இன்னொரு முறை பார்த்தாள். "வண்டி பின்னால இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும். ஏறுறதை நான் பார்க்கல, இறங்குறதையும் பார்க்கல. ரொட்டி கருகிடுச்சு, அதைப் பார்க்கப் போயிட்டேன்."

"வந்தவர் எப்படி இருந்தார்?" என்று கேட்டாள் ராபர்ட்டா. "மூக்கு பெரிசா இருந்துச்சா? என்னோடது மாதிரி?"

வெர்னா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "தொப்பி போட்டிருந்தான்மா" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றோம். காற்று தூக்கியது. ராபர்ட்டா பேசினாள். "எங்கப்பாகிட்ட பிக்அப் இருந்துச்சு."

"இந்தப் பக்கம் எல்லார்கிட்டயும்தான் இருந்துச்சு" என்றேன்.

"உங்கப்பா செஞ்சு, எங்கப்பா வாங்கிட்டு வந்து, தான் செஞ்சதா என்கிட்ட சொன்னாரா? இல்ல, எங்கப்பா செஞ்சு வித்து, உங்கப்பா வாங்கிட்டு அப்படிச் சொன்னாரா? இல்ல, மூணாவது ஆள் ஒருத்தன் செஞ்சு ஊர் ஊரா வித்தானா?"

"தெரியல" என்றான் லைல். பிறகு, "எதுவா இருக்கணும்னு எனக்கு ஆசைன்னும் தெரியல" என்றான்.

அந்தக் குளிர்காலம் அவர்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். எதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. ராபர்ட்டா, "என்கிட்ட இருக்கிறது சுட்ட தோட்டாக் கூட்டை வெளிய துப்ப மாட்டேங்குது, எட்னா அப்படிச் செய்யமாட்டா, இது உங்களோடதுதான்" என்பாள். லைல், "தேரை எப்பவும் துப்பும், அப்ப அது தேரை இல்லை" என்பான். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்து மாற்றிக்கொள்வார்கள். வசந்தம் வருவதற்குள் மறுபடி மாற்றிக்கொள்வார்கள். ஜனெல் முதலில் முறைத்தாள். பிறகு அவளும் கூடப் போக ஆரம்பித்தாள். ராபர்ட்டா சுடுகிற ஆப்பிள் பை பிரமாதம் என்றாள். டென்னி மட்டும் கழகத்தில் பார்க்கும்போதெல்லாம், "அக்கா சௌக்கியமாடா?" என்பான். லைல், "ஆமா, உன்னைக் கேட்டாங்க" என்று பதில் சொல்லப் பழகிவிட்டான்.

மே மாதம் ராபர்ட்டா போன் செய்தாள். லைல் என்னையும் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பினான். வடக்கு டகோட்டாவில், டிக்கின்சன் நகரத்தில் பழைய சாமான் விற்கிற ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள், நல்ல துப்பாக்கிகளுக்கு நடுவில், மூன்றாவது இருந்தது. மண்வாரிக் கைப்பிடி, குமிழ், பாதிக் கீல், எல்லாம் அதே. ஆனால் பச்சை இல்லை. யாரோ பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி, மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடித்து, குழலுக்குக் கறுப்பு மெருகேற்றி, கைப்பிடிக்குத் தோல் தைத்திருந்தார்கள். மரத்தில் எங்கேயும் ஒரு எழுத்துகூட இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று லைல் கடைக்காரனைக் கேட்டான்.

"ஒருத்தர் கொண்டாந்து கொடுத்தார். பேர் எல்லாம் சொல்லக் கூடாதுங்க. தெற்கு டகோட்டாக்காரர். அவங்கப்பா செஞ்சதாம். கொடுத்துட்டு வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்துட்டுப் போனார்."

லைல் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டான். ராபர்ட்டாவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. லைலுக்கும் தொற்றிக்கொண்டது. எம்மெட் ஹோஸ்டெட்லரின் மகன் பொது இடத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைக்காரன் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "வாங்குறீங்களா, இல்லையா?" என்றான்.

ராபர்ட்டா வாங்கினாள்.

"இதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றேன்.

"தெரியல. இதை இங்க விட்டுட்டு வர மனசு வரல."

அங்கிருந்து ராபர்ட்டாவும் எங்களோடு லைல் வீட்டுக்கு வந்தாள். லைல் கொட்டகைக் கதவைத் திறந்து, மூன்றையும் பட்டறை மேசையில் வைத்தான். வார்னிஷ் அடித்தது வெயிலில் பளபளத்தது. நேர்த்தியான வேலை, யாரோ பல நாள் பாடுபட்டிருக்க வேண்டும். லைல் அதை எடுத்துத் தோளில் வைத்தான், இறக்கினான், தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"என்ன மாப்ளே?"

"அழகா இருக்கு மச்சான். சகிக்கல."

ராபர்ட்டா ஏற்கனவே அலமாரியில் டிராக்டர் பச்சை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். லைல் பிரஷ்ஷைத் தின்னரில் நனைத்து விரலால் நீவிவிட்டான். அவள் கைப்பிடிப் பக்கத்திலிருந்தும் அவன் குழல் பக்கத்திலிருந்தும் பூசிக்கொண்டே வந்தார்கள். இரண்டு பேருக்கும் சுத்தமாகப் பூச வரவில்லை. பெயின்ட் வழிந்து லைலின் பூட்ஸில் சொட்டியது. ஜனெல் காப்பி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"நல்ல சாமானை எதுக்குங்க நாசம் பண்றீங்க?"

"கொஞ்சம் அந்தக் குமிழைப் பிடி" என்றான் லைல். "அதுல பட்டுடக் கூடாது."

ஜனெல் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டாள்.